மே கடைசியில் சிங்கராஜா: வழிகாட்டி இருந்தால் போதுமா?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து மே கடைசி வாரத்தில் குடும்பத்தோடு இலங்கை வருகிறீர்கள். கூடவே 14 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த 66 வயது மாமியார். ஒரு சுற்றுலா நிறுவனம் உங்களுக்கு ஒருநாள் திட்டம் தந்திருக்கிறது: விடியற்காலை கொழும்பிலிருந்து புறப்பாடு, சிங்கராஜா மழைக்காட்டில் நடை, மூன்று நீர்வீழ்ச்சி, பிற்பகலில் கித்துல்கலையில் கனியனிங் (ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிப் போகும் விளையாட்டு), இரவு திரும்பக் கொழும்பு. "அட்டையும் பாம்பும் நிறைய இருக்கிறதாமே, வழிகாட்டி கூடவே வந்தால் பயமில்லைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்டையைப் பற்றிக் கேட்டாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வழிகாட்டி ஒருவர் இருந்தால் போதுமா என்பதைத்தான். போதாது என்பதே என் பதில். மழைக்காட்டில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் தண்ணீரும் ஈரப் பாறையும்தான். பாம்பும் அட்டையும் அதற்குப் பிறகுதான் வரும். தண்ணீரிடமிருந்து வழிகாட்டி உங்களைக் காப்பாற்றும் வழி ஒன்றே ஒன்று. சரியான நேரத்தில் "திரும்புவோம்" என்று அவர் சொல்ல வேண்டும், சொன்னதும் நீங்கள் திரும்ப வேண்டும். இந்தப் பதில் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

நான் தெனியாயப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். 17 வருடமாகத் தமிழ் பேசும் பயணிகளுக்கு வழிகாட்டியாக இந்தக் காட்டுக்குள் நடக்கிறேன். நான் வைத்தியன் அல்ல. மருந்து, காயம் பற்றிக் கீழே எழுதுவதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மாதம். தென்மேற்குப் பருவமழை இலங்கையின் தென்மேற்கு மூலையை வந்து பிடிப்பது மே பிற்பகுதியில். சிங்கராஜா அந்த மூலையில்தான் இருக்கிறது. சென்னையில் வருடம் முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மில்லிமீற்றர். சிங்கராஜாவில் 3,500 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை. காய்ந்த மாதம் என்று இங்கே ஒன்று கிடையாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையும், மறுபடி ஓகஸ்ட் செப்டெம்பரிலும் மழை கொஞ்சம் ஓய்வு தரும், அவ்வளவுதான். நீங்கள் வரும் வாரத்தைப் பற்றி எனக்கு ஒரு கெட்ட நினைவும் உண்டு. 2017 மே 25, 26 திகதிகளில் பெய்த மழையில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 200க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. எங்கள் தெனியாய வீதியோரக் குன்றுகளும் அப்போது சரிந்தன. ஒவ்வொரு மேயும் அப்படி இருக்காது. இந்த வருடம் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லக்கூடியவர் யாருமில்லை. ஆனால் திகதியை மாற்ற வழியிருந்தால் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் முன்னதாக வந்தாலே வித்தியாசம் இருக்கும். மே முதல் வாரத்தில் மழை பெரும்பாலும் இடியோடு பிற்பகலில்தான் வரும், காலை நேரம் கைக்குக் கிடைக்கும். பருவமழை பிடித்துவிட்டால் காலை மாலை பார்க்காது.

அடுத்தது அந்த ஒருநாள் திட்டம். அதை ஏற்காதீர்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, களவான வழியாகக் குடாவ வாசலுக்கு வர மூன்று மணிநேரத்துக்குக் குறையாது. கடைசிச் சில கிலோமீற்றர் குறுகலான, மேடு பள்ளமான பாதை. அங்கிருந்து கித்துல்கலைக்கு மறுபடி மலைப்பாதையில் நீண்ட ஓட்டம். இரண்டையும் ஒரே நாளில் அடைத்தால் காட்டில் உங்களுக்குக் கிடைப்பது அவசரம் மட்டும்தான். அவசரப்படும் வழிகாட்டி திரும்பச் சொல்ல மாட்டார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு அது சிங்கராஜாவாக இருக்கட்டும். முதல்நாள் மாலையே களவானையிலோ குடாவையிலோ வந்து தங்கி, காலை 7 மணிக்குக் காட்டுக்குள் கால் வையுங்கள். மழைக்காட்டின் அடியில் மாலை 5 மணிக்கே இருள் கட்டத் தொடங்கிவிடும்.

சிங்கராஜாவுக்கு ஒரே வாசல் என்று பலர் நினைக்கிறார்கள். வடக்கே களவான பக்கம் குடாவ, தெற்கே தெனியாய பக்கம் பிட்டதெனிய, கிழக்கே இறக்குவானை பக்கம் மோனிங்சைட் என்று வாசல்கள் வேறு வேறு. ஒவ்வொன்றிலும் நடை வேறு மாதிரி. உங்கள் மாமியாருக்குக் குடாவதான் சரி. அதற்குக் காரணம் இந்தக் காட்டின் வரலாற்றில் இருக்கிறது. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இந்தக் காட்டை இயந்திரம் வைத்து வெட்டினார்கள். சூழலியலாளர்களும் பொதுமக்களும் எதிர்த்து நின்றதில் 1977இல் வெட்டு நின்றது. பிறகு 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. அன்று மரம் இழுத்த லொறிகள் போன பாதைதான் இன்று குடாவ பக்கத்துப் பிரதான நடைபாதை. அகலமாகவும் சரிவு குறைவாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கூட மெதுவாக நடக்கலாம், வேண்டிய இடத்தில் திரும்பலாம். அதே குடாவையிலிருந்து 742 மீற்றர் உயரமான சிங்ககலைக்குப் போகும் பாதையோ முழுநாளையும் விழுங்கும். அந்தப் பக்கம் உங்கள் குடும்பம் போக வேண்டாம்.

நீர்வீழ்ச்சிதான் முக்கியம் என்றால் பிட்டதெனிய பக்கம் நெருக்கமானது. மெதெரிப்பிட்டியவிலிருந்து தேயிலைக்குள் நடந்து, கிங் கங்கையின் மேல்நீரைக் கடந்து உள்ளே போனால் கெகுண எல்ல இருக்கிறது. எல்ல என்றால் சிங்களத்தில் நீர்வீழ்ச்சி. ஆனால் அங்கே பாதை குறுகல், வேர்களும் ஈரக் கற்களுமாக இருக்கும், ஓடைகளைக் கடக்க வேண்டியிருக்கும். காய்ந்த நாளில் பிள்ளைகள் இருவரையும் நீங்கள் கூட்டிப்போகலாம். மழை பிடித்த வாரத்தில் நானே என் பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டேன்.

இனித் தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மழைக்காட்டு ஓடை உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையைப் பார்த்து ஏறுவதில்லை. இரண்டு மலைக்கு அப்பால் பெய்ததைப் பார்த்து ஏறும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கலாம். உங்கள் தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு: 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவியும் குளிக்கும் கூட்டமும் எப்போதும் போல்தான் இருந்தன. தண்ணீர் மட்டும் மாறியது.

அது மாறுவதை முன்கூட்டியே காண முடியும். ஓடைக்கரையில் உட்காரும்போது நான் முதலில் செய்வது, விரல் பருமனில் ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீர் தொடும் விளிம்பில் நேராகக் குத்திவைப்பது. பிறகுதான் மற்றவர்கள் தண்ணீரில் இறங்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அந்தக் குச்சியைப் பார்ப்பேன். முதலில் குச்சியின் அடி நனையும். அதற்குப் பின் தண்ணீரின் மேல் காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் திட்டாக மிதந்து வரும். கரையில் பல நாளாகக் கிடந்த சருகை ஓடை வழித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். கண்ணாடியாக இருந்த தண்ணீர் பால் கலக்காத பிளேன்டீ நிறத்துக்கு மாறும். சத்தமும் மாறும். அதுவரை கல்லில் தண்ணீர் உடையும் சலசலப்பாக இருந்தது, அடித்தொண்டையில் உறுமுவது போல ஆகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையை எடுக்கவோ படம் பிடிக்கவோ நிற்காமல் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். எல்லாம் நடக்க அரைமணியும் ஆகலாம், சில நிமிடமும் ஆகலாம். எவ்வளவு என்று எந்த வழிகாட்டியாலும் கணித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் அறிகுறியிலேயே எழுந்துவிடுகிறோம்.

அருவி நேராக விழும் இடத்துக்குக் கீழே பிள்ளைகளை விடாதீர்கள். விழும் வேகத்தில் தண்ணீரோடு காற்று கலந்து நுரைத்துப் போயிருக்கும். அந்த வெள்ளை நுரை உடம்பைத் தாங்காது, நன்றாக நீந்துபவரும் அதில் அமிழ்வார். அருவியிலிருந்து தள்ளி, தண்ணீர் தெளிந்து மெதுவாக நகரும் இடத்தில், அடி தெரியும் ஆழத்தில் குளிக்கட்டும். குதிக்கக் கூடாது. போன மாதம் ஆழமாக இருந்த மடுவில் இந்த மாத வெள்ளம் ஒரு பாறையை உருட்டிவந்து போட்டிருக்கலாம். ஓடையைக் கடக்க வேண்டி வந்தால், உங்கள் சின்னவருக்கு முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரை ஆழம் என்றே கொள்ளுங்கள். அருவியின் உச்சிக்குச் சற்று மேலே ஒருபோதும் கடக்காதீர்கள். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வழிகாட்டியாகி நான்காவது வருடம். ஒரு குடும்பத்தை நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில் மழை இறங்கியது. திரும்புவோம் என்று எனக்கு மனதில் பட்டது. ஆனால் அவர்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள், பணம் கட்டிவிட்டார்கள். திரும்பினால் எனக்குக் கிடைக்க வேண்டிய நாட்கூலி பாதியாகும் என்று என்னை அனுப்பிய நிறுவனத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இன்னும் பத்து நிமிடம்தானே என்று நடந்தேன். கறுத்துப் பாசி படிந்த ஒரு சாய்ந்த பாறையில் அந்த அம்மா வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். கைபேசிக்கு அலை இல்லை. இரண்டு தடியில் படங்கு கட்டி, மாறி மாறிச் சுமந்து வீதிக்கு வர மூன்று மணிநேரம் ஆனது. படங்கு என்றால் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கட்டும் சாக்கு. வழியில் ஒரு தோட்டத்துப் பெண் தன்னுடையதை அவிழ்த்துத் தந்தார். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தவறு என்னுடையது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான். காலையில் நடக்கத் தொடங்கும் முன் உங்கள் வழிகாட்டியிடம், "நீங்கள் எந்த இடத்தில் திரும்பச் சொன்னாலும் நாங்கள் திரும்புவோம், உங்கள் கூலி குறையாது" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிடுங்கள். முன்பதிவு செய்யும்போதே நிறுவனத்திடமும் கேளுங்கள்: மழையால் பாதியில் திரும்பினால் பணம் என்னாகும், வழிகாட்டியின் சம்பளம் என்னாகும்? எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத நிறுவனத்தோடு போகாதீர்கள். சான்றிதழும் முக்கியம்தான். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு உரிமம் தருவது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. உங்களைக் கொழும்பிலிருந்து கூட்டிவருபவரிடம் அது இருக்க வேண்டும். சிங்கராஜா வாசலில் வனத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டோடு உள்ளூர் வழிகாட்டி ஒருவரையும் சேர்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அவர் பெரும்பாலும் காட்டோரக் கிராமத்து மனிதர், அந்த ஓடையைச் சிறுவயது முதல் பார்த்தவர். அவருக்குத் தமிழ் தெரிந்திருப்பது அரிது. பிள்ளைகளுக்கு மூன்று சிங்களச் சொற்களைச் சொல்லிக்கொடுங்கள்: "நவத்தின்ன" என்றால் நில்லுங்கள், "எப்பா" என்றால் வேண்டாம், "பரிஸ்ஸமின்" என்றால் கவனம். மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் அந்தக் குரலுக்கே அவர்கள் நிற்கட்டும்.

இப்போது நீங்கள் கேட்ட அட்டை. இருக்கிறது, மழையில் நிறையவே இருக்கும். வலிக்காது, நீங்கள் கவனிக்கும்போது குடித்து முடித்திருக்கும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் அட்டை விழுந்த பிறகும் சில மணிநேரம் கசியும். ஆரோக்கியமானவருக்கு அது தொல்லை மட்டுமே. உங்கள் மாமியாருக்கு அப்படி இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்றவற்றை எடுப்பது வழக்கம். அவரும் எடுப்பாரானால் கசிவு இன்னும் நீளும். மாத்திரையை அவராக நிறுத்தவே கூடாது. பயணத்துக்கு முன் இதயநோய் டாக்டரிடம் கேளுங்கள், பையில் பஞ்சும் கட்டுத்துணியும் இருக்கட்டும். முழங்கால்வரை வரும் நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை வாங்கி, காற்சட்டையை அதற்குள் செருகிச் சப்பாத்து போட்டால் பெரும்பகுதி தப்பலாம். தோட்டத்தில் எங்கள் அம்மாமார் சவர்க்காரத்தைக் காலில் பூசிக் காயவிடுவார்கள். நனையும்வரை அது பலன் தரும். பிறகு மறுபடி பூச வேண்டும். ஒட்டிய அட்டையை உப்போ நெருப்போ வைத்து எடுக்காதீர்கள், குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும் என்று சொல்வார்கள். மெல்லிய முனைதான் வாய். விரல் நகத்தைத் தோலோடு படுக்கவைத்து அந்த முனையைத் தள்ளினால் பிடி விடும்.

பாம்பில் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கோப்பி விரியன். சருகு நிறம், ஒரு முழம்கூட இருக்காது, சருகுக்குள்ளேயே படுத்திருக்கும். இலங்கையில் நச்சுப்பாம்புக் கடிகளில் மிக அதிகம் இதனுடையதுதான். மருத்துவமனைகளில் இருக்கும், பல பாம்புகளின் நஞ்சுக்குப் பொதுவான இந்திய முறிமருந்து இதற்கு வேலை செய்யாது. பெரும்பாலோர் வீக்கத்தோடும் வலியோடும் தேறிவிடுகிறார்கள், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. அதனால் பாதையை விட்டு இறங்காதீர்கள், கட்டையில் உட்காரும் முன் தட்டிப் பாருங்கள், கண் பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள். பச்சை விரியன் கைக்கெட்டும் உயரத்துக் கொப்பில் அசையாமல் இருக்கும். ஏறும்போது கொப்பைப் பிடித்து ஏற வேண்டாம். கடித்தால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடித்த காலை அசைக்காமல் வைத்து, சுமந்து வீதிக்கு வந்து 1990க்கு அழையுங்கள். அது சுவசெரிய இலவச அம்புலன்ஸ். இவ்வளவு சொன்னாலும், இந்த 17 வருடத்தில் என்னோடு வந்த ஒருவரைக்கூடப் பாம்பு கடித்ததில்லை. வழுக்கி விழுந்தவர்களை எண்ணிச் சொல்ல முடியாது.

யாரும் பயணிகளிடம் சொல்லாத ஒன்று எலிக்காய்ச்சல். இரத்தினபுரி மாவட்டத்தில் அது அதிகம். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காயத்தில் படுவதால் வருகிறது. அட்டைக்கடியும் சிராய்ப்பும் உள்ள காலோடு வெள்ளத் தண்ணீரில் நிற்பதைத் தவிருங்கள். காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே வரும். நீங்கள் அப்போது சென்னையில் இருப்பீர்கள். யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் டாக்டரிடம், "இலங்கையில் காட்டு ஓடையில் இறங்கினோம்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். அவராக ஊகிப்பார் என்று இருக்காதீர்கள்.

கித்துல்கலைக் கனியனிங் பற்றிச் சுருக்கமாக. ஓடைப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி, வழுக்குப் பாறையில் சறுக்கி, மடுவில் குதித்துப் போவது அது. காய்ந்த மாதத்தில் 14 வயது மகளுக்கு நல்ல அனுபவம். தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் அவளுக்குப் பொருந்த வேண்டும், குதிக்கும் ஒவ்வொரு மடுவிலும் அன்றைக்கே வழிகாட்டி முதலில் இறங்கி ஆழம் பார்க்க வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். மே கடைசியில் இருவருக்குமே வேண்டாம், வெள்ளம் வந்தால் அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து ஏறிப் போக இடமில்லை. நீங்கள் வரும் வாரத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக விடும் மண்சரிவு எச்சரிக்கையையும் முதல்நாள் இரவு பாருங்கள். களவானைக்கோ இரத்தினபுரிக்கோ எச்சரிக்கை இருந்தால் புறப்படவே வேண்டாம்.

நீர்வீழ்ச்சியை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைக்க வேண்டாம். குடாவ லொறிப் பாதையில் காலை 8 மணியளவில் மாமியாரை ஒரு கல்லில் உட்கார வையுங்கள், அட்டைக் காலுறையோடு. காடு அமைதியாக இருக்கும். திடீரென்று செம்பழுப்பு நிறச் சிலம்பன்கள் கீச்சிட்டுக்கொண்டே புதரைக் கலைத்து வரும், அவற்றின் பின்னால் கொண்டைக் கரிச்சான், பிறகு மேல்கொப்பில் ஒன்று, கீழ்க்கொப்பில் ஒன்று என்று வெவ்வேறு சாதிப் பறவைகள் ஒரே கூட்டமாக உங்களைக் கடந்து போகும். ஒரு கூட்டத்தில் நாற்பதுக்கு மேலும் இருக்கலாம். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலியாகக் கூவும். கூட்டத்தைச் சேர்ப்பதில் அந்தப் போலிக் குரலுக்குப் பங்கு உண்டு என்று இங்கே வருடக்கணக்காக ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கொடுத்துவைத்திருந்தால் நீல உடலும் செந்நிற அலகும் கொண்ட கெஹிபெல்லாவும் கூட வரும், அது இந்தத் தீவில் மட்டும் உள்ள பறவை. சின்னவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: 1995இல் கித்துல்கலைக் காட்டில் தீபால் வரகாகொட என்பவர் அறியாத ஒரு ஆந்தைக் குரலைக் கேட்டார். 2001இல் இதே சிங்கராஜாவில்தான் அந்த ஆந்தையைக் கண்ணால் கண்டார், 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. குரலுக்கு உரியது யார் என்று தெரிய ஆறு வருடம் ஆகியிருக்கிறது. இவ்வளவும் அந்தப் பாதையை விட்டு இறங்காமலே கிடைக்கும், மழை வந்தால் வாசலுக்கு அரைமணியில் திரும்பிவிடலாம்.